டொக்டர் பஷீரும் தோட்டத்து டிஸ்பென்சரியும்

அண்மையில் எங்கள் பக்கத்தில் ஒரு சிறுகதைக் கலந்துரையாடல் நடந்தது. பாடசாலை வகுப்பறை ஒன்று, பதினைந்து பேர், இடைவேளைக்குப் பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும். ராகலைக் கடைவீதியைச் சேர்ந்த முஸ்லிம் பிள்ளை ஒருத்தி, ஆசிரியப் பயிற்சியில் இருப்பவள், தான் எழுதிய கதையை வாசித்தாள். பூமியைச் சுற்றிவரும் ஒரு நிலையம். அதில் கனிமம் பிரிக்கும் வேலைக்கு வந்த முந்நூறு பேர். அவர்களுக்கு ஒரேயொரு சிகிச்சை நிலையம், அதில் ஒரேயொரு மருத்துவ உதவியாளன். டொக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வேலைக்குப் பெயர் பதியாதவனுக்கு மருந்து இல்லை. கதாநாயகி ஒரு கர்ப்பிணி. டொக்டரின் பெயர் பஷீர்.

வாசித்து முடித்ததும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். 'லயத்தை எழுதத் தெரியாதவர்கள்தான் ராக்கெட்டில் ஏறுவார்கள்' என்றார் ஒருவர். நாங்கள் எல்லோரும் மதிக்கும் மூத்த நானா ஒருவர், 'தங்கச்சி, நம்மட சனத்துக்கு நூறு பிரச்சினை கிடக்கு. ஆகாயத்துல ஆஸ்பத்திரி கட்ட நமக்கு எங்க நேரம்?' என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது பஸ் கந்தப்பளையைத் தாண்டுமுன்பே அந்தச் சிரிப்பு எனக்குக் கசந்துவிட்டது. அன்று வாய் திறக்காமல் இருந்ததற்காக இப்போது எழுதுகிறேன். நானா கோபிக்கக்கூடாது. கோபித்தாலும் எழுதத்தான் வேண்டும்.

விண்வெளி நிலையத்துச் சிகிச்சை அறை நமக்கு ஒட்டாத சரக்கு என்று அன்று தீர்ப்புச் சொல்லப்பட்டது. நான் தலைகீழாகச் சொல்கிறேன். அந்தக் கதையை எழுத முதல் உரிமை உள்ளவர்கள் மலையகத்தார்தான். அந்த அறையின் இலட்சணங்களைப் பாருங்கள். நினைத்தபோது வெளியே போகமுடியாத இடம். இடத்தின் சொந்தக்காரன் எங்கோ தூரத்தில் இருக்கிறான். அங்கே இருப்பவர்கள் வேலைக்காகவே அங்கே கொண்டுவரப்பட்டவர்கள். மருந்து கொடுப்பவனுக்கும் வேலை வாங்குபவனுக்கும் சம்பளம் ஒரே பெட்டியிலிருந்து வருகிறது. இதை ராகலை பஸ் தரிப்பிடத்தில் நின்று யாரிடமாவது சொல்லுங்கள். 'எந்தத் தோட்டம்?' என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்கள் வழியிலும் தோட்டத்திலுமாகச் செத்து விழுந்தார்கள். 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் என்று ஒன்று கொண்டுவரப்பட்டது. 1912இல் அதைத் திருத்தி எழுதினார்கள். கொழுந்து எடுக்கவும் கவ்வாத்து வெட்டவும் உடம்பு தேவை, உடம்புக்கு மருந்து தேவை, அவ்வளவுதான் கணக்கு. நிலையத்துக்கு வெளியே காற்றில்லை என்பதால் விண்வெளியில் எவனும் ஓடிப்போக முடியாது. இங்கே காற்று இருந்தது. அதற்குப் பதிலாகத் துண்டு இருந்தது. அந்த முறை 1921இல் சட்டப்படி ஒழியும்வரை, கடனைத் தீர்த்தோ இன்னொரு துரை பொறுப்பேற்றோ அல்லாமல் ஒருவன் தோட்டம் மாற முடியாது. 1904இல் ராகலைவரை ஒரு சிறு ரயில்கூட வந்தது. 1940களில் அதுவும் நின்றுபோனது. தேயிலைப் பெட்டி ஏற்ற வந்த ரயில் அது. நோயாளியை நினைத்து யாரும் தண்டவாளம் போடவில்லை.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனது. இந்தக் கைமாற்றங்களுக்கிடையில் டிஸ்பென்சரி யாருடைய பிள்ளை என்பதுமட்டும் தீர்மானமாகவில்லை. இலவச வைத்தியத்துக்காக உலகம் மெச்சுகின்ற நாடு நம்முடையது. அந்த நாட்டிலே தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கியது, இன்னும் முடிந்தபாடில்லை. டொக்டர் என்று தோட்டத்துச் சனம் மரியாதையாகக் கூப்பிடும் மனிதர் பெரும்பாலும் தோட்ட மருத்துவ உதவியாளர்தான். அவர்களில் நல்லவர்கள் அநேகர், இரவு இரண்டு மணிக்கு லயத்துக் கதவைத் தட்டிப் பிரசவம் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். என் கோபம் அவர்கள்மேல் அல்ல.

இனி, அந்தப் பிள்ளை கதைக்கு எங்கிருந்து சரக்கு எடுத்தாள் என்பதைப் பார்ப்போம். அறிவியல் புனைகதை என்றால் மேற்கத்தியப் பொழுதுபோக்கு என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுகிறோம். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இந்த நாட்டுக்கு வந்து, 2008 மார்ச்சில் கொழும்பில் இறக்கும்வரை இங்கேதான் வாழ்ந்தார். வருவதற்கு நான்கு வருடம் முன்பே, 1952இல், 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்கை' என்று சிறுவர்களுக்கு ஒரு நாவல் எழுதியிருந்தார். அதில் விண்வெளி ஆஸ்பத்திரி ஓர் அத்தியாயமாகவே வருகிறது. 1979இல் 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்' வந்தது. சிவனொளிபாத மலையை வேறு பெயரில் வைத்து, அதன் உச்சியிலிருந்து வானத்துக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். பொறியியலாளன் வருகிறான், பிக்கு வருகிறார், பழைய அரசன் வருகிறான். மலையடிவாரத்துத் தேயிலைத் தொழிலாளி எவனும் முக்கிய பாத்திரமாக வரவில்லை. பொறியியலாளனின் நெஞ்சில் ஒரு சிறு கருவி கட்டியிருக்கிறது, இதயம் தடுமாறினால் எச்சரிக்கும். மேலே சிக்கிக்கொண்டவர்களுக்கு மூச்சுக்காற்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவன் இறங்கும்போது உயிர் பிரிகிறது. அந்த முடிவு என்னை உலுக்கியது உண்மை. ஆனாலும் கேட்கிறேன்: எங்கள் மலையிலேயே கட்டிய கதையில் எங்கள் ஆட்கள் இல்லாமல் போனதற்குக் கிளார்க்கை மட்டுமா குறை சொல்வது? இடம் காலியாகக் கிடந்தது. நாம் போய் உட்காரவில்லை.

பெல்ஃபாஸ்ட் நகரத்து ஜேம்ஸ் வைட் வேறு மாதிரி. வைத்தியம் படிக்க ஆசைப்பட்டவர், வீட்டில் பணமில்லாமல் தையல் வியாபாரத்தில் வேலைக்குப் போனவர். 1957இலிருந்து, விண்வெளியில் மிதக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியை வைத்தே கதை கதையாக எழுதினார். 1962இல் முதல் தொகுப்பு வந்தது, 'ஹொஸ்பிடல் ஸ்டேஷன்' என்று. நூற்றுக்கணக்கான மாடிகள், பல உலகத்து உயிரினங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு காற்று, வேறு வெப்பம். நோயாளி வந்ததும் நான்கு எழுத்தில் ஒரு குறியீடு போடுவார்கள். நீ எந்தக் காற்றைச் சுவாசிக்கிறாய், உன் உடம்பு என்ன வகை என்பதை அறிவதற்கு. மனிதனுக்கும் ஒரு குறியீடு உண்டு, தனிச்சலுகை ஏதும் கிடையாது. சண்டை வெறுத்தவர் வைட். அவருடைய கதைகளில் பெரும்பாலும் எதிரி நோய்தான்.

வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது செக்ரோல். எங்கள் பக்கத்திலும் நோயாளியிடம் முதலில் ஓர் இலக்கம் கேட்பார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், பெயர் பதிந்த ஆளா, கைக்காசு ஆளா? வைட்டின் ஆஸ்பத்திரியில் குறியீடு மருந்து கொடுப்பதற்கு. இங்கே குறியீடு, கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சனத்தொகுதியையே 'நீ எந்த உலகத்து உயிரினம்?' என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு மிச்சமிருந்தவர்களுக்கும் பதில் கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம்முடைய பிள்ளையின் கதையில் மருத்துவ உதவியாளன் கர்ப்பிணியிடம் இலக்கம் கேட்கும் இடம் வருகிறது. சபையில் ஒருவர்கூட அந்த இடத்தைக் கவனிக்கவில்லை. அவள் அதை எங்கிருந்து எடுத்தாள் என்பது அவள் அடுத்த வீட்டில் குடியிருக்கும் எவருக்கும் தெரியும்.

டொக்டர் பஷீர் விவகாரத்துக்கு வருகிறேன். 1993 முதல் 1999 வரை ஓடிய 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொலைக்காட்சித் தொடரில் நிலையத்து வைத்தியன் பெயர் ஜூலியன் பஷீர். நடித்தவர் சூடானில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர், முதலில் சித்திக் அல் பாதில் என்ற பெயரில் வந்தார், பிறகு அலெக்ஸாண்டர் சித்திக் ஆனார். நம்மவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு சந்தோஷம். எங்கள் வீட்டிலும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பெயருக்கு அப்பால் அந்தப் பாத்திரத்தில் நமக்கு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. நமக்கு உரியது அந்தத் தொடரில் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நிலையத்தைக் கட்டியவர்கள் கார்டேசியர் என்னும் ஆக்கிரமிப்பாளர்கள். கனிமம் பிரிக்கும் ஆலை அது. பஜோர் உலகத்து மக்களை அடிமை வேலைக்குப் பிடித்துப் போட்டு அங்கே வேலை வாங்கினார்கள். ஆக்கிரமிப்பாளன் போன பிறகு, அதே கட்டிடத்தில் சிகிச்சை நிலையம் நடக்கிறது. முதல் அத்தியாயத்தில் இளம் பஷீர், இப்படியொரு கடைக்கோடியில் வைத்தியம் பார்ப்பதுதான் வீரம் என்று உற்சாகமாகப் பேசுகிறான். பஜோர் பெண் அதிகாரி அவன் முகத்துக்கு நேரே, நீ கடைக்கோடி என்று சொல்வது என் வீடு என்கிறாள்.

ஆலை, அடைபட்ட ஜனம், எசமான் மாறியும் மாறாத கட்டிடம், பின்தங்கிய இடத்துக்குச் சேவை செய்ய வந்தேன் என்று பெருமை பேசும் வெளியூர் டொக்டர். நானா, இதில் எந்தத் துண்டு நம்மட மண்ணில் இல்லை? அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரன் எழுதிவிட்டான். தேயிலைத் தொழிற்சாலையும் லயமும் டிஸ்பென்சரியும் ஒரே வேலிக்குள் கிடக்கும் ஊரில் பிறந்த நாம், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே கூச்சப்படுகிறோம்.

தமிழில் எழுதப்பட்ட விஞ்ஞானக் கதைகளும் இதற்கு உதவவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சுஜாதாவின் ஜீனோவை நாமெல்லாம் ரசித்தோம். கிளார்க் இறப்பதற்கு மூன்று கிழமை முன்பு அவரும் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் இயந்திரத்தை எடுத்துக்கொண்டார்கள், அவருடைய குறும்பை விட்டுவிட்டார்கள். நான் படித்த அளவில், அந்த ராக்கெட்டுகளில் விஞ்ஞானி இருக்கிறார், மந்திரி இருக்கிறார், அழகான உதவியாளினி இருக்கிறாள். தரை கூட்டுபவன் இல்லை, யாருக்கும் வயிற்றுப்போக்கு வருவதில்லை. மறுபக்கத்தில் நம்முடைய யதார்த்தவாதிகள். என்.எஸ்.எம். இராமையா 'ஒரு கூடைக் கொழுந்து' எழுதியபோது மலையும் கூடையும் புதுசு. அந்தக் கூடையையே இன்னும் சுமந்துகொண்டிருந்தால் அது இராமையாவுக்குச் செய்யும் மரியாதையாகாது.

கற்பனையை விட்டுவிட்டு நடந்ததைப் பேசுவோம் என்பவர்களுக்கும் சரக்கு இருக்கிறது. பூமிக்கு மேலே ஏறக்குறைய நானூறு கிலோமீட்டரில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் முழுநேர வைத்தியர் என்று ஒருவர் கிடையாது. குழுவில் ஒருவருக்குச் சில பத்து மணித்தியாலம் பயிற்சி கொடுத்து மருத்துவப் பொறுப்பாளராக அனுப்புகிறார்கள். மருந்துப் பெட்டி உண்டு, ஸ்கேன் கருவி உண்டு. ஒருவருடைய இதயம் நின்றுபோனால், நெஞ்சை அழுத்துபவர் மேல்தளத்தில் காலை ஊன்றித் தலைகீழாக நின்று அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் அழுத்திய வேகத்தில் அவரே மிதந்து போய்விடுவார். அங்கே ஒருவருக்குக் கழுத்து நரம்பில் இரத்தம் கட்டியிருப்பது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 2020 ஜனவரியில் மருத்துவ இதழில் இந்த விபரம் வெளிவந்தது. கீழேயிருந்து அமெரிக்க வைத்தியர் ஒருவர் ஊசி மருந்தை எப்படிச் சிக்கனமாகப் பகிர்வது என்று வழி சொன்னார். அவர் வீட்டுத் தொலைபேசிக்கே விண்வெளியிலிருந்து அழைப்பு வந்ததாம், எடுத்தவர் மனைவி. பிறகு சரக்கு ஏற்றிப் போன விண்கலத்தில் மாத்திரை அனுப்பினார்கள். நோயாளி சுகமாகத் திரும்பினார்.

2026 ஜனவரியில் இன்னொன்று நடந்தது. நிலையத்திலிருந்த ஒருவருக்குச் சுகமில்லை என்று, நால்வர் குழுவையே திட்டமிட்ட காலத்துக்கு முன்பு இறக்கிவிட்டார்கள். அந்த நிலையத்தின் கால் நூற்றாண்டு வரலாற்றில் நோய்க்காக இப்படி இறக்கியது அதுவே முதல் தடவை. இறக்கும்போது நோயாளி யார் என்பதைச் சொல்லவில்லை, மருத்துவ இரகசியம் என்றார்கள். எங்கள் டிஸ்பென்சரி வாசலில் ஒரு பெண் என்ன வருத்தத்துக்கு வந்தாள் என்பது அவள் மலைக்குத் திரும்புமுன் கங்காணிக்குத் தெரிந்திருக்கும். ராகலையிலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். தோட்டத்திலிருந்து ராகலைக்கு வர லொறி கிடைக்க வேண்டும். லொறிக்குத் துரை அனுமதி வேண்டும். நானூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறக்க முடிந்ததும், இருபது கிலோமீட்டர் ஓட்டிப் போக முடியாமல் வழியிலேயே பிள்ளை பிறந்ததும் ஒரே யுகத்தில்தான். இதை யதார்த்தக் கதையாக எழுதினால் பத்திரிகைச் செய்தி போல் இருக்கும். வானத்தில் வைத்து எழுதினால் வாசகனுக்குச் சுருக்கென்று தைக்கும். அந்தப் பிள்ளை செய்யப் பார்த்தது அதைத்தான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. நுவரெலியா மாவட்டத்துப் பாதைகள் மண்சரிவில் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. மின்சாரம் போனது, தொலைபேசி போனது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பெரும்பகுதி மலைநாட்டு மாவட்டங்களில். அந்த நாட்களில் ஒவ்வொரு தோட்டமும் தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த மருந்துதான் மருந்து, உள்ளே இருந்த ஆள்தான் டொக்டர். இன்சுலின் போடுபவர் கணக்குப் பார்த்துப் போட்டார், நிறைமாதக்காரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானா சொன்ன நூறு பிரச்சினையில் இதுவும் ஒன்றுதானே? ஆகாயத்து ஆஸ்பத்திரி என்று சிரித்த நாம் நாலைந்து நாள் ஆகாயத்தில்தான் இருந்தோம்.

நம்மவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2007 ஒக்டோபரில் மலேசியாவைச் சேர்ந்த ஷேக் முஸஃபர் ஷுக்கூர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அது நோன்பு மாதம். நிலையத்தில் எப்படித் தொழுவது, கிப்லாவை எப்படித் தீர்மானிப்பது என்று மலேசியாவில் உலமாக்கள் வழிகாட்டி நூலே வெளியிட்டார்கள். நல்ல காரியம். நம்முடைய சபைகளிலும் பல நாள் அதையே பேசினோம். அவர் எலும்பு முறிவு வைத்தியர் என்பதையும், மேலே போய் அவர் செய்த ஆராய்ச்சியில் புற்றுநோய்க் கலங்களும் இருந்தன என்பதையும் யாரும் பேசி நான் கேட்கவில்லை. இப்னு சீனாவின் பெயரை மேடைதோறும் சொல்கிறோம். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய ஆஸ்பத்திரியின் வக்ஃபு நிபந்தனையை எத்தனை பேர் சொல்கிறோம்? ஏழை, பணக்காரன், ஆண், பெண், ஊரான், பரதேசி என்று பாராமல் சுகமாகும்வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. இலக்கம் கேட்காத ஆஸ்பத்திரி. அதைக் கொண்டுபோய் நிலையத்தில் வைத்து ஒருவர் எழுதினால் பஷீர் என்ற பெயரே தேவைப்படாது.

என் மாமா ஒருவர் முன்பு மலையகத்தில் சிறு பாமசி வைத்திருந்தார். விடுமுறைக்குப் போனால் நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காருவேன். டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு தோட்டத்துப் பெண்கள் வருவார்கள். 'இது என்னா மருந்து, மொதலாளி?' என்று கேட்பார்கள். மாமா பிரித்துப் பார்ப்பார், பெரும்பாலும் பெனடோலாக இருக்கும். உதட்டைப் பிதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுப்பார். காசில்லாவிட்டால் கொப்பியில் எழுதிக்கொள்வார், சம்பள நாளில் வசூல். கெட்ட மனிதரல்ல, பல தடவை எழுதாமலும் கொடுத்திருக்கிறார். ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரி ஒழுங்காக நடந்திருந்தால் அந்தக் கடை நடந்திராது. மலையகத்துக் கடைவீதி முஸ்லிம்களாகிய நாங்கள் அந்த நிலையத்துக்கு வெளியே நின்றவர்கள் அல்ல. வாசலில் கடை போட்டவர்கள். இந்தக் கோணத்தில் எழுதப்பட்ட ஒரு கதையும் நம்முடைய தொகுப்புகளில் என் கண்ணில் படவில்லை. ராகலைப் பிள்ளையின் கதையில் நிலையத்து வாசலில் மருந்து விற்கும் ஒரு வியாபாரி வருகிறான், நாலே வரியில். சபையில் எவரும் அவனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காத காரணம் எனக்குப் புரிகிறது.

கதை குறையில்லாதது என்று நான் வாதாடவில்லை. உரையாடல் எல்லாம் தொலைக்காட்சித் தமிழ். டொக்டர் பஷீர் வந்ததும் பிரச்சினை பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது, அது பொய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு அந்த வல்லமை கிடையாது. மருந்து வாசனை இல்லை, வரிசை இல்லை, காத்திருந்த பெண் அன்றைய அரைப் பேரையும் இழந்தாள் என்ற கணக்கு இல்லை. இந்தக் குறைகளை அன்றே சொல்லியிருந்தால் அது விமர்சனம். நாம் செய்தது விமர்சனமல்ல.

போன கிழமை அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். கதையைக் கிழித்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு, கொப்பியில் கைப்பிரதி இருக்கிறது என்றாள். டொக்டரை வெட்டிவிட்டு வியாபாரியைப் பெரிதாக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அப்ப எங்க வாப்பாவ எழுதோணுமே, சேர்' என்றாள். எழுதம்மா என்றேன். கைப்பிரதி வந்தால் அதை இந்தச் சஞ்சிகை ஆசிரியரின் மேசையில் நானே கொண்டுவந்து வைப்பேன். பக்கம் போதாது என்று அவர் சொன்னால் என்னுடைய பக்கங்களை எடுத்துக்கொள்ளட்டும்.